வந்தனாவின் விரலில் இரண்டு தகடுகள்

மும்பை செம்பூரில் ஒரு மாடியறை. ஜன்னல் வெயில் கையெழுத்தில்லாத சம்மதத் தாள்மேல் விழுகிறது. நகைக்கடையில் ஒரு வளையல் காணவில்லை. அங்கே வேலை பார்க்கும் ஷைனியைப் பொய் கண்டறியும் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். சோதனையை நடத்தும் வந்தனா, கருவியின் இரண்டு சிறு தகடுகளை முதலில் தன் விரல்களிலேயே மாட்டிக் காட்டுகிறாள். "இதுக்குப் பொய்யெல்லாம் தெரியாதும்மா. விரல் வேர்த்தா தெரியும். வேர்த்தா இந்தக் கோடு ஏறும்." திரையில் பச்சைக் கோடு அசையாமல் படுத்திருக்கிறது. "அப்பம் பயந்தாலும் ஏறுமா மேடம்?" "ஏறும். அதனாலதான் கேக்கப்போற கேள்வியெல்லாம் முன்னாடியே படிச்சுக் காட்டிடுவேன். முதல்ல இதைச் சொல்லு, உன் இஷ்டத்துலதானே வந்திருக்கே?" ஷைனி கைக்குட்டையை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள். "வரலன்னா வேலை போயிரும்னு சேட் சொன்னாரு. நீங்க இஷ்டம்னே எழுதிக்கோங்க மேடம்." வந்தனா தாளைக் கவிழ்த்து வைக்கிறாள். போன் அடிக்கிறது. சேட்தான். ஆறு நகைக்கடைகளுக்குச் சொந்தக்காரர், வந்தனாவுக்கு வரும் வேலையில் பாதி அவர் தருவது. முடிந்ததா என்று கேட்கிறார். மிரட்டி அனுப்பப்பட்டவளைச் சோதிக்க முடியாது, சோதிக்காததை வைத்து அவளைக் குற்றவாளி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, இரண்டையும் எழுதியே தருகிறேன் என்று ஹிந்தியில் சொல்கிறாள் வந்தனா. குரலில் நடுக்கம் இல்லை. ஷைனி திரையைப் பார்க்கிறாள். தகடுகள் இன்னும் வந்தனாவின் விரல்களில்தான் இருக்கின்றன. பச்சைக் கோடு உச்சிவரை ஏறி நிற்கிறது. ஷைனி கைக்குட்டையை வந்தனா பக்கம் நீட்டுகிறாள்.