தக்காளி பறிக்க ஆள் இல்லை

மார்ச் 14, வெள்ளிக்கிழமை. விடிந்ததிலிருந்தே வெயில் சுள்ளென்று அடித்தது. இலை அசையக்கூடக் காற்றில்லை.

தக்காளி பறிக்க வருவதாகச் சொன்ன எட்டுப் பேரில் ஒருவர்கூட வரவில்லை.

"எல்லாரும் உன் அண்ணன் தோட்டத்துல புகையிலை ஒடிச்சுட்டு இருக்காங்க" என்றான் கணவன். "தங்கச்சி தோட்டத்துக்குப் போனா இங்க வேலை கிடையாதுன்னு மிரட்டி வச்சிருக்காராம்."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பாவின் நிலத்தில் பாதி அவளுக்கு, பாதி அண்ணனுக்கு. தன் பாதியில் அவள் புகையிலையை விட்டுத் தக்காளி வைத்த நாளிலிருந்து அண்ணன் அவளைத் 'தக்காளி மகாராணி' என்றுதான் கூப்பிட்டார். உள்ளூர்ச் சந்தையில் நடையாய் நடந்து ஒரு கடை பிடித்திருந்தாள். மாலைக்குள் முதல் சரக்கு இறங்காவிட்டால் அந்தக் கடை வேறொருவருக்குப் போய்விடும்.

"பேசாம நாமளும் புகையிலைக்கே திரும்பிடலாமா?"

"செத்தாலும் மாட்டேன். நீங்க அந்த ஓரத்துலேர்ந்து பறிங்க. இதோ வந்துடறேன்."

கூடையைக் கீழே போட்டுவிட்டு நேரே வேலிக்குப் போனாள். அந்தப் பக்கம் அண்ணன் நின்றிருந்தார். புகையிலைப் பிசின் ஒட்டி அவருடைய கைகள் கறுத்திருந்தன.

"என் வயித்துல அடிக்கிறதுல உனக்கு அவ்வளவு சந்தோஷமா?"

"அடேங்கப்பா, மகாராணிக்குக் கோபம் வருதே!"

"ஆம்பளையா இருந்தா உள்ள வந்து பேசு!"

அவள் வேலிப் படலைத் திறந்தாள். அண்ணன் நெருப்பைக் கண்டவர்போல நாலடி பின்வாங்கினார்.

"உன் தோட்டத்துல நான் கால் வைக்கமாட்டேன். என் ஆளுங்களும் வைக்கமாட்டாங்க."

"வைக்காதே! நானே பறிச்சு, உன் கண்ணு முன்னாடியே வண்டி ஏத்துறேன். வயிறு எரிய எரியப் பாரு!"

பத்து மணி சுமாருக்கு அண்ணி வந்தாள். பின்னால், அவளுடைய தையல் கடையில் வேலை செய்யும் பெண்கள் ஆளுக்கொரு கூடையுடன் வந்தார்கள்.

"என்ன அண்ணி, கும்பலா வேடிக்கை பார்க்கவா?"

"பறிக்கத்தான். கடையைப் பூட்டிட்டு எல்லாரையும் கூட்டிட்டுப் போன்னு உங்க அண்ணன் என்னைத் தூங்கவே விடலை. நாங்கதான் புகையிலையைத் தொடாதவங்களாம்."

"தொட்டா என்னவாம்?"

"அந்தப் பிசின் கையோட தக்காளிச் செடியைத் தொட்டா நோய் ஒட்டிக்குமாம். இன்னும் நாலு பறிப்பு இருக்கு, மொத்தமும் போயிடும்னார்."

அவள் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள்.

"அதை வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன கேடு? அண்ணனுக்கு இதெல்லாம் யார் சொன்னாங்க?"

அண்ணி வேலிப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான். போன வருஷம் உனக்கும் முன்னாடி, யாருக்கும் தெரியாம வீட்டுக்குப் பின்னால தக்காளி வச்சார். புகையிலை ஒடிச்ச கையோட வந்து, குழந்தையைத் தடவற மாதிரி தினமும் தடவிப் பார்த்தார். அத்தனை செடியும் தேமல் விழுந்து, காய் பிடிக்காமலே போச்சு. நாத்துப் பண்ணையில விசாரிச்சப்புறம்தான் காரணம் தெரிஞ்சுது. வெளியில சொன்னா நீ சிரிப்பியாம்!"

அவள் சிரிக்கவில்லை. வேலியைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்.

"புகையிலையை விட்டுட்டு வா! அப்பதான் உள்ள விடுவேன்!"

"மிரட்டறியா?"

"ஆமா!"

அன்று மாலை சரக்கு சந்தையில் இறங்கியது. கடை அவளுக்கே நிலைத்தது. அடுத்த பருவத்தில் அண்ணன் புகையிலை நடவில்லை; பீன்ஸ் போட்டார். இப்போது அவருடைய கடை, சந்தையில் அவளுடைய கடைக்கு நேர் எதிரே இருக்கிறது. காய் வாங்க வருகிறவர்களைக் கூவி அழைப்பதில் இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பதே இல்லை.