இரண்டு ரிமோட்

டத்தோ கிராமாட் அடுக்குமாடிக்குக் குடிவந்த மூன்றாம் நாளே சுபாஷினிக்குப் பொறுமை போய்விட்டது. பக்கத்து வீட்டு டிவி ஒரு நிமிடம் முணுமுணுத்தது, மறு நிமிடம் அலறியது. நேராகப் போய்க் கதவைத் தட்டினாள்.

"வாம்மா, உட்காரு" என்ற அருந்ததி, கையிலிருந்த ரிமோட்டால் சேனலை மாற்றினார். பாட்டுச் சேனல் வீடே அதிர அலறியது. சோபாவில் சாய்ந்திருந்த அவர் கணவர் ஸ்ரீகரன், இன்னொரு ரிமோட்டை மெல்ல மெல்ல அமுக்கிச் சத்தத்தைக் குறைத்தார். குறைந்ததுதான் தாமதம், அருந்ததி செய்திக்கு மாற்றினார். ஒன்றுமே கேட்கவில்லை. ஸ்ரீகரன் மறுபடி கூட்டத் தொடங்கினார்.

வேண்டுமென்றே செய்கிறார்கள்! சுபாஷினிக்குச் சுர்ரென்று வந்தது.

"அக்கா, எல்லாச் சேனலும் ஒரே சத்தத்துல வர்றதுக்கு டிவியிலயே செட்டிங் இருக்கு லா. நான் வச்சுத் தரவா?"

"ஐயோ, வேணாம்மா! எங்க மகன் வச்சுட்டுப் போனதையே நான்தான் எடுத்துட்டேன்."

"ஏன்க்கா?"

அருந்ததி குரலைத் தாழ்த்தினார். "ஸ்ட்ரோக் வந்து இவருக்கு வலது கை வராமப் போச்சு. அமுக்கிப் பழகச் சொல்லி ஆஸ்பத்திரியில குடுத்த பந்தைத் தொடவே மாட்டேன்னுட்டாரு. டிவி கத்தினா மட்டும் பொறுக்க மாட்டாரு. ரெண்டு மாசமா இந்த ரிமோட்டையே அமுக்கி அமுக்கி, இன்னைக்குக் காலையில சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கிட்டாரு."

சுபாஷினி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, சாமான் விக்கிற சேனல் போட்டுப் பாத்தீங்களா? அது இதைவிடக் கத்தும் லா!"