வாசலில் கத்தும் பிரேக்

"பிரேக்கை மொத்தமா மாத்திடுங்க தம்பி. டிஸ்க், காலிப்பர், எல்லாமே," என்றாள் அம்மா, காரை விட்டு இறங்குவதற்கு முன்பே.

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மகளைப் பார்த்தான்.

மகள் தன் செருப்பைப் பார்த்தாள்.

இரண்டே இருக்கைகள் கொண்ட சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அது. கல்யாணத்துக்கு முன்பு அம்மா தன் சம்பளத்தில் வாங்கியது. அதில் ஏறினாலே அப்பாவுக்குத் தலை சுற்றும். மகள் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் சாவி அவள் கைக்கு வந்தது.

அதிலிருந்து ஞாயிறுதோறும் காலையில் அவள் இந்தப் பட்டறைக்கு வந்துகொண்டிருந்தாள்.

பிரேக் கத்துகிறது என்பது புகார்.

வீட்டு வாசலில் கத்தும். பட்டறைக்கு வந்து சேருவதற்குள் அடங்கிவிடும், பல் டாக்டரைப் பார்த்ததும் காணாமல் போகும் பல்வலி மாதிரி. மெக்கானிக் ஒரு தடவைகூட அதைக் கேட்டதில்லை. ஆனாலும் சளைக்காமல் ஜாக்கி வைத்து, சக்கரத்தைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்ப்பான். அவள் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்திருப்பாள். அவன் எதையாவது சொல்வான். அவள் சிரிப்பாள்.

வாரத்தின் மற்ற நாட்களில் அவள் அவ்வளவு சிரிப்பதில்லை.

இன்று காலை பேப்பர் எடுக்க வாசலுக்கு வந்த அம்மா, அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டாள். பேப்பரைப் படியிலேயே போட்டுவிட்டுப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

புது பிரேக் போட்டுவிட்டால் இனி வாராவாரம் எதைக் காட்ட வருவது? புதுசும் கத்தினால் அம்மா பட்டறையையே மாற்றிவிடுவாள்.

மகள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வண்டியை நிறுத்தறது டயர்தாம்மா. பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும். அதுக்கு இப்ப இருக்கறதே போதும்."

அம்மா மெல்லத் திரும்பினாள்.

"ஏண்டி, வாராவாரம் பிரேக் சரியில்ல, பிரேக் சரியில்லன்னு புலம்பினது நீயா, நானா?"

மகளின் காது சூடானது.

பட்டறை மூலையில் பெட்டி திறந்தபடி ஒரு புது பிரேக் செட் இருந்தது. யாரோ சொல்லி வரவழைத்து, பிறகு எட்டிப் பார்க்காமல் போனது. துளை போட்ட பெரிய டிஸ்க்குகள், அவற்றைக் கவ்விப் பிடிக்கும் சிவப்புக் காலிப்பர்கள். அம்மாவின் கண் அதில் விழுந்துவிட்டது. வண்டி நிறத்துக்கும் பொருத்தம். விற்றால் மெக்கானிக்குக்கும் பாரம் குறையும்.

"இதையே மாட்டிடுங்க. எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு."

மெக்கானிக் தலையைச் சொறிந்தான்.

"ஒரு தடவை நீங்களே ஓட்டிப் பாருங்கம்மா. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

மூன்றாவது இருக்கை இல்லாததால் மகள் பட்டறையிலேயே நின்றாள். தெருமுனையில் எஞ்சின் உறுமியது. அப்புறம் எங்கோ தூரத்தில் டயர் கிறீச்சிட்டது. அவள் புது பிரேக்கின் பெட்டியைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளப் பார்த்தாள். கனத்தது. அசையவில்லை.

திரும்பி வந்தபோது அம்மாவின் கூந்தல் கலைந்திருந்தது. முகத்தில் கல்யாணத்துக்கு முந்தைய களை. மெக்கானிக் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினான்.

"சீட் பெல்ட் மட்டும் இல்லன்னா என் நெத்தி கண்ணாடில போய் இடிச்சிருக்கும். இதுக்கு மேல என்னம்மா பிரேக் வேணும்?"

அம்மா மறுக்கவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது போல.

"பிரேக் பேடெல்லாம் நல்லா இருக்கு. பிரேக் ஆயில் மட்டும் பழசு, இன்னிக்கே மாத்தித் தர்றேன். பெரிய செட்டெல்லாம் பந்தயத்துக்குப் போறவங்களுக்கு."

"அப்ப அந்தச் சத்தம்? என் காதால கேட்டேனே."

"கேட்டிருப்பீங்க. வாராவாரம் கொண்டுவரச் சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்."

"விக்கறதுக்குப் பொருளைக் கையில வச்சுக்கிட்டே வேண்டாம்ங்கறீங்களே தம்பி. இந்தக் காலத்துல இப்படியும் ஒரு ஆளா," என்று அம்மா அசந்துபோனாள்.

மெக்கானிக் ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த பானெட்டைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் மகளிடம் சொன்னான்:

"சனிக்கிழமை ராத்திரி கழுவறதை மட்டும் நிறுத்திடாதீங்க."

"இவளா நிறுத்துவா?" என்றாள் அம்மா. "வீட்டுல ஒரு டம்ளர் கழுவ மாட்டா. இதுக்கு மட்டும் ஹோஸும் கையுமா நிப்பா."

இரும்பு டிஸ்க்கை நனைத்து, ராத்திரி முழுக்க அப்படியே விட்டால், காலையில் அதன்மேல் மெல்லிசாகத் துரு பூத்திருக்கும். முதல் சில தடவை பிரேக்கை அழுத்தும்போது கத்தும். நாலு தெரு தாண்டுவதற்குள் துரு தேய்ந்து போய்விடும். வண்டிக்கும் கெடுதலில்லை, ஆளுக்கும் கெடுதலில்லை. வேதியியல் பட்டதாரியான மகளுக்கு இது தெரிந்திருந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஒரு மெக்கானிக்குக்கும் தெரிந்திருக்கும் என்பது மட்டும், இத்தனை வாரங்களில், அவளுக்குத் தோன்றவே இல்லை.