தெளிந்த பிறகு

ராணுவத்தில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவரை, குடியிலிருந்து மீட்க மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார்கள். டாக்டரே பாதியில் கைவிரித்துவிட்டார்.

"இவரு தேற மாட்டாரு சிஸ்டர். விட்டுத்தள்ளுங்க."

"நான் விடமாட்டேன் டாக்டர்," என்றாள் மூத்த நர்ஸ்.

கேப்டனுக்குக் கை உதறியபோது அவளே ஸ்பூனால் ஊட்டினாள். சுவரேறித் தப்பிக்கப் பார்த்தபோது காலைப் பிடித்து இழுத்து இறக்கினாள். வாய்க்கு வந்தபடி திட்டினாலும் கட்டிலை விட்டு நகரவில்லை.

"பெத்த தாய்கூட இப்படிப் பாத்துக்க மாட்டாங்க," என்று கேப்டனின் மனைவி கண்கலங்கினாள்.

"இவரு முழுசாத் தெளியணும்மா. எனக்கு அது போதும்."

தெளிந்தார். வீட்டுக்குக் கிளம்பும் நாளில், மனைவி காரை எடுத்து வரப் போன நேரத்தில், மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு நர்ஸைப் பார்த்துக் கைகூப்பினார்.

"எனக்கு மறுபடி உயிர் குடுத்தது நீங்கதான் சிஸ்டர். ஏதாவது கேளுங்க, செய்றேன்."

"ஒண்ணும் வேணாம் சார். என் பையனும் உங்களுக்குக் கீழதான் வேலை பாத்தான். சண்டையில குண்டு பட்டு விழுந்தவன், உங்களைக் கூப்பிட்டுக்கிட்டே கெடந்து செத்தானாம். நீங்க திரும்பிப் பாக்காம ஓடுனீங்களாம். கூட இருந்த பையன் வந்து சொன்னான்."

கேப்டனின் முகம் வெளுத்தது. "தெரிஞ்சுமா என்னைக் காப்பாத்துனீங்க?"

"அவன் கூப்பிடுறது காதுல விழக் கூடாதுன்னுதானே சார் குடிச்சீங்க?" அவர் சட்டைக் காலரை மெல்லச் சரிசெய்துவிட்டாள். "இனிமே நல்லாக் கேக்கும். போயிட்டு வாங்க."