கெட்ட செய்தி வேண்டாம்

“என் வயித்துல இருக்கிறத எனக்கே சொல்ல மாட்டியளா? நல்லாருக்கு உங்க நியாயம்!”

தூத்துக்குடியில் பள்ளி வேன் ஓட்டும் ஜெசிந்தா மேஜையை ஓங்கித் தட்டினாள். டாக்டர் வஹிதா ஸ்கேன் படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

“நோயாளி விருப்பப் படிவத்துல, கெட்ட செய்தி வேண்டாம்னு நீங்கதானம்மா கையெழுத்துப் போட்டிருக்கீங்க. மீறிச் சொன்னா என் லைசென்ஸ் போயிடும்.”

பேச்சு முழுவதையும் மருத்துவ வாரியத்துக்கு அனுப்பும் கருவி சுவரில் பச்சையாக ஒளிர்ந்தது.

“அது பல்லு புடுங்க வந்தப்ப நர்ஸ் நீட்டுன காகிதம். வலியில எவ படிச்சா?”

“சட்டம் அதையெல்லாம் கேட்காது. வேணும்னா விருப்பத்தை மாத்த மனு குடுக்கலாம். ஆறு மாசம் ஆகும்.”

“ஆகட்டும். ஃபாரத்தத் தாங்க, இப்பவே எழுதுதேன். ஆறு மாசம் கழிச்சு உங்க முன்னாலயே வந்து நின்னு கேக்கேன்.”

டாக்டர் இழுப்பறையைத் திறந்தார். ஃபாரத்தை எடுக்காமலேயே மூடினார்.

“வேணாம்மா. அந்த அலைச்சல் உங்களுக்கு எதுக்கு?”

அதுவரை கத்திக்கொண்டிருந்த ஜெசிந்தா, கவிழ்ந்து கிடந்த ஸ்கேன் படத்தைப் பார்த்தாள்.

“நாலு மாசமாவது இருக்கா டாக்டர்?”

வஹிதா சுவரிலிருந்த கருவியைப் பார்த்தார். பிறகு அடுத்த நோயாளியை அழைக்கும் மணியை அழுத்தினார்.