கை எட்டாத இடம்

வலி போய்விட்டது என்று அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

சொல்லிவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும்.

இப்போது சுவரைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். விளக்கு இல்லை. வலி இருக்கிறது. மருமகள் கடையிலிருந்து வரும் நேரம்.

பஸ் ஓட்டி வாங்கிய முதுகுவலி. ஓய்வுபெற்ற அன்று போர்த்திய சால்வைகூட நைந்துவிட்டது. வலி மட்டும் புத்தம் புதிதாக இருக்கிறது.

ஊசி, மாத்திரை, எண்ணெய்க்கட்டு எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில்தான் மகன் அந்தச் சிவப்பு விளக்கை ஆன்லைனில் வாங்கிப் போட்டான். டார்ச் லைட் மாதிரி இருக்கும், கொஞ்சம் பருமன். வலிக்கிற இடத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து மெல்ல நகர்த்த வேண்டும்.

வலியோ அவருடைய கை எட்டாத இடத்தில்.

முதலில் மகன்தான் பிடித்தான். ஒரு கையில் விளக்கு, இன்னொரு கையில் போன். பாதி நேரம் விளக்கு சுவருக்கு வைத்தியம் பார்த்தது.

"குடுங்க, நான் புடிக்கறேன்" என்று புருஷனிடமிருந்து வாங்கிக்கொண்டாள் சுகந்தி.

மாமனார் எதிரில் மருமகள் உட்காரும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. தைலம் தேய்த்துவிடுவது பற்றிப் பேச்சே கிடையாது. ஆனால் விளக்குக்குத் தொட வேண்டியதில்லை. முதுகுக்குப் பின்னால் உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லிவைக்கவும் இல்லை.

அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அவள் பின்னால் முக்காலியைப் போட்டுக்கொண்டாள்.

முகம் தெரியாததால் பேச்சு வந்தது.

எல்லாம் அவள் வேலை பார்க்கும் ஜவுளிக்கடைக் கதைகள். பட்டுப் பிரிவில் ஒரு அலமாரியையே இறக்க வைத்துவிட்டு, ஃபால்ஸ் துணி மட்டும் வாங்கிப் போன அம்மாள். தோளில் சேலையைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்த சுகந்தியைப் பொம்மை என்று நினைத்து, முந்தானையை உருவிப் பார்த்த இன்னொரு அம்மாள்.

"நான் தும்முனனுங்களா மாமா, அந்தம்மா அலறுன அலறல்ல மேனேஜரே ஓடியாந்துட்டாருங்க."

சிரித்தால் அவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். பிடிக்கட்டும் என்று சிரித்தார்.

ஆயுசெல்லாம் பின்னாலிருந்து வரும் பேச்சைக் கேட்டே வண்டி ஓட்டியவர். அவருக்கென்று ஒரு பேச்சு பின்னாலிருந்து வந்தது இதுதான் முதல் தடவை.

வலி பாதியாகக் குறைந்தது. விளக்காலா, பேச்சாலா என்று அவர் ஆராயப் போகவில்லை.

பிறகு தீபாவளிக் கூட்டம் வந்தது.

ஒருநாள் சுகந்தி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றினாள். பாதம் இரண்டும் பன்னு மாதிரி உப்பியிருந்தன. முகம்கூடக் கழுவவில்லை, விளக்கை எடுக்கப் போனாள்.

அவருக்கு மனசு பொறுக்கவில்லை. பாவம், இந்த ஒரு வேலையாவது இவளுக்கு மிச்சமாகட்டும் என்று நினைத்தார்.

"வலி போயிருச்சு கண்ணு. இனி விளக்கு வேண்டாம்."

அவள் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே விளக்கு கோபியிலிருக்கும் அவள் பிறந்த வீட்டுக்குப் போயிற்று, தோள்பட்டையைத் தூக்க முடியாமல் கிடந்த அவளுடைய அம்மாவுக்கு. அனுப்பட்டுமா என்று கேட்டபோது தாராளமாகக் கொடு என்றவரும் அவரேதான். கர்ணன் என்று நினைப்பு.

மிச்சமான நேரத்தில் அவள் நேராகச் சமையலறைக்குப் போனாள். சாப்பாடு சீக்கிரம் வந்தது.

பேச்சுதான் வரவில்லை.

எதிரில் நின்று சோறு போடுகிறவள், ரசம் ஊற்றட்டுமா என்பதற்கு மேல் என்ன பேசுவாள்? இன்று எந்த அம்மாள் வந்தாள் என்று அவர்தான் எப்படிக் கேட்பார்?

போன வலி முழுசாகத் திரும்பி வந்தது. எழுந்திருக்கும்போதெல்லாம் பலமாக இருமினார். முனகல் வெளியே தெரியக் கூடாதே.

இன்றைக்குத்தான் ஆற்றமாட்டாமல் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கேட் திறந்தது. செருப்புச் சத்தம். அப்புறம் வெறுங்கால் சத்தம். அது அவருக்குப் பின்னால் வந்து நின்றது.

முக்காலி தரையில் இழுபட்டது.

"மாமா... கொஞ்சங்கூட வலி இல்லீங்களா?"

கேட்ட குரலில் கவலை இல்லை. ஆசை இருந்தது.

லேசாக இருக்கிறது கண்ணு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருக்கு அது தெரிந்தது. ஆனால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதா? அதுவும் சம்பந்தியம்மாவிடம்? சொன்னதெல்லாம் பொய் என்று ஆகிவிடாதா?

வீறாப்பு முந்திக்கொண்டது.

"சுத்தமா இல்ல கண்ணு."



"நல்லதுங்க மாமா."

முக்காலி சுவரோரம் தள்ளப்பட்டது. வெறுங்கால் சத்தம் உள்ளே போனது.

பல்லைக் கடித்துக்கொண்டு அவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

சமையலறையில் அவள் நின்றபடி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின் ஆடுசதையில் தேய்த்தாள். பிறகு கால் மாற்றித் தேய்த்தாள்.

காலையில் கடை திறந்ததிலிருந்து நிற்கிற கால்.

அவர் பின்னால் விளக்கைப் பிடித்த நேரம் மட்டும்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.