தொப்பிக்காரன் குதிக்கவில்லை

தொப்பிக்காரன் முதல் குழியிலேயே விழுந்தான்.

குப்புராஜ் எங்கள் வீட்டு டிவியில் ஆட்டத்தை மறுபடி தொடங்கினான். ரிமோட்டின் வலப்பக்கம் இருந்த சிவப்புப் பட்டன்களை மாற்றி மாற்றி அழுத்தினான். தொப்பிக்காரன் குதிக்கவில்லை. நடந்துபோய் அதே குழியில் விழுந்தான்.

"டூப்ளிகேட்டுபா. இத்தப் போயி பொக்கிஷம் மாதிரி எத்துக்கினு வந்துகீற."

குப்புராஜ் கும்மிடிப்பூண்டி பஜாரில் டிவி ரிப்பேர் செய்கிறவன். என்னோடு படித்தவன். அவன் படித்து முடித்தான், நான் பாதியில் நின்றேன். பழைய எலக்ட்ரானிக் சாமான்களை உடைத்துப் பிரிக்கும் கம்பெனியில் எனக்கு இரவு ஷிப்ட். வெளிநாட்டு மூட்டை ஒன்றில் இந்த வீடியோ கேம் கேசட் கிடந்தது. எடுத்துக்கொள்ளட்டுமா என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். எடையே இல்லாததற்கெல்லாம் எதற்குக் கேட்கிறாய் என்றார்.

வீட்டில் போட்டுப் பார்த்தபோதுதான் தொப்பிக்காரன் என்று தெரிந்தது.

அது அக்காவின் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் ஜெபா அக்காவும் நானும் டிவி முன்னால் உட்காருவோம். தேர்வாய் கண்டிகை பாக்டரியில் ஆறு நாள் வேலை பார்த்துவிட்டு வந்து ஏழாம் நாள் என்னைத் தோற்கடிப்பாள். அடுத்த ஞாயிறு வரை கேலி ஓயாது.

ஜூலைக்குப் பிறகு அவள் ரிமோட்டைத் தொடவில்லை. வேலைக்கும் போகவில்லை. கேலியும் நின்றுவிட்டது.

அவள் மறுபடி ஆட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பழைய கேசட்டைப் போட்டு எத்தனையோ தடவை கூப்பிட்டாயிற்று. எழுந்து உள்ளே போய்விடுவாள்.

குப்புராஜ் அந்தப் பழைய கேசட்டைச் செருகிப் பார்த்தான். பட்டன்கள் ஒழுங்காக வேலை செய்தன.

"ரிமோட் நல்லாத்தான் கீது."

புதியதன் திருகாணிகளைக் கழற்றினான். எங்கள் பழைய கேசட்டுக்குள் கறுப்பாக ஒரு பொட்டுதான் இருக்கும். இதற்குள் சிப்பின் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பேனாவால் ஏதோ கிறுக்கியிருந்தார்கள். காகிதத்தின் ஓரத்தில் கண்ணாடி தெரிந்தது. நான் நகத்தை வைத்தேன். அவன் என் கையைத் தட்டிவிட்டான்.

"பிக்காத! வெளிச்சம் பட்டுக்கினே இருந்தா உள்ள எழுதினது அழிஞ்சிடும்."

மூடிவிட்டு, மீண்டும் போட்டான். இந்தத் தடவை அவசரப்படாமல் பார்த்தான். வானம் வெறும் கறுப்பு, மேகம் இல்லை. பாயிண்ட் ஏறும் இடம் காலி. தொப்பிக்காரன் கையில் துப்பாக்கியும் இல்லை.

"மச்சி, டூப்ளிகேட் இல்லடா இது. கடைக்கு வர்றதுக்கு முன்னால கம்பெனிக்காரன் செஞ்சி பாத்தது. பாதித் தொப்பிக்காரன்."

பாதியானாலும், குழி தோண்டியவன் தாண்டவும் வழி வைத்திருப்பான் என்றேன். குப்புராஜ் வலக்கையை எடுத்துவிட்டு, நடக்க வைக்கும் இடப்பக்க அம்புக்குறிகளை ஒவ்வொன்றாக அழுத்தினான். மேல் அம்பை அழுத்தியதும் தொப்பிக்காரன் துள்ளிக் குழியைத் தாண்டினான்.

"இன்னாடா இது! நடக்கறதும் குதிக்கறதும் ஒரே கட்டை வெரலு. அப்போ வலது கைக்கு வேலையே..."

நிறுத்தினான். இரண்டு பேரும் உள்ளறைப் பக்கம் பார்த்தோம்.

ஜெபா அக்கா கதவருகில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. வழக்கம்போல வலக்கை துப்பட்டாவுக்குள் இருந்தது.

குப்புராஜிடமிருந்து ரிமோட்டை வாங்கித் தரையில் வைத்தேன்.

வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு வந்து உட்கார்ந்தாள். இடது கையால் எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டாள்.

முதல் குழியில் விழுந்தாள். மறுபடி தொடங்கினாள். தாண்டினாள். இரண்டாவதையும் தாண்டினாள்.

மூன்றாவதில் துப்பட்டா நழுவியது. பிரஸ் மெஷின் விட்டுவைத்த கட்டை விரல் மட்டும் உள்ள வலக்கை, தொப்பிக்காரன் துள்ளும்போதெல்லாம் தானும் துள்ளியது. அவள் அதை இழுத்து மூடவில்லை.

குப்புராஜ் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாடா மொறச்சிக்கினுகீற? தள்ளி ஒக்காரு, மண்டை மறைக்குது" என்றாள் அக்கா.